பெயர் ஒட்டாத அடாப்டர்

வயர் டப்பா இல்லாத வீடு உண்டா, சொல்லுங்கள். செத்துப்போன போனின் சார்ஜர், எந்த ரேடியோவோடு வந்ததென்று நினைவில்லாத கம்பி, எதிலும் நுழையாத பின். தூக்கிப் போட மனசு வராது, வேண்டும்போது தேடினால் ஒன்றும் பொருந்தாது. எங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா, "உள்ள பாம்பு குடும்பம் நடத்துதுடா தம்பி, கொண்டு போய்க் கொட்டு" என்பாள். அந்த டின்னிலிருந்துதான் இந்த அடாப்டரை எடுத்தேன்.

இப்போது அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். பார்த்தால் ஒன்றுமே இல்லை. கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு. ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மறுமுனையில் நாலு ஊசி. கம்பெனி பெயர் கிடையாது. ஏதோ ஒட்டியிருந்த தாளையும் யாரோ நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியூருக்குப் போனது ஏன் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். சொல்கிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அப்படிப் பேசுகிறவர்களைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு.

மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதனைப் பிரிவு. மீட்டரைத் திருகி, கம்பியை மாற்றிக் கரண்டைத் திருடுகிறவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அலுவலகத்தில் எனக்குச் சீல்காரர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இத்தனை வருஷத்தில் ஒருத்தன்கூட "ஆமா சார், நான்தான்" என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் ஒரே பல்லவி. "தானா அப்படி ஆயிடுச்சு சார், நாங்க கையே வைக்கல." மாடி வீட்டுக்காரனும் அதையேதான் சொல்வான், ஒண்டுக் குடித்தனக்காரனும் அதையேதான் சொல்வான். தானாக எதுவும் ஆகாது என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்டவன் நான்.

எங்கள் முறை ரொம்ப எளிது. சந்தேகம் வந்த இடத்தில் இணைப்பைத் துண்டித்து மீட்டருக்கு ஈய சீல் வைப்போம். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. கிளம்பிப் போய்விடுவோம். கரண்ட் இல்லாமல் இருக்க முடியாதவன் எப்படியும் வந்து சீலை அறுப்பான். திரும்பிப் போய்க் கையும் களவுமாகப் பிடிப்போம். நல்ல முறை. இதுவரை தப்பியதில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை வளர்த்தது அவள்தான். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள். அதிலிருந்து நாங்கள் மூன்று பேர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்கே தோன்றவில்லை. வேளைக்குச் சாப்பாடு, துவைத்து மடித்த சட்டை, ஆபீஸிலிருந்து வந்தால் "வந்துட்டியாடா" என்று ஒரு குரல். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? அவளுக்கு இழுப்பு உண்டு. நீல நிறத்தில் ஒரு மூச்சு மருந்து வைத்திருப்பாள். வாயில் வைத்து அழுத்தினால் அடங்கிவிடும். வீட்டுக்குள் நடந்தாலும் அதைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் நடப்பாள்.

அக்கா மகன் எலெக்ட்ரீஷியன் ஆனான். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. மாடியில் சின்ன அறைச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, வீட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், பின்கதவுப் பூட்டு எல்லாவற்றையும் அதோடு இணைத்தான். இருட்டினால் விளக்கு எரியும். தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கும். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு துணி துவைக்கிற அறை. ஒரு கதவு சமையலறைக்கு, ஒரு கதவு கொல்லைக்கு. கொல்லைக் கதவைத்தான் பின்கதவு என்கிறேன். அதற்கு உள்ளே ஒரு பொத்தான், வெளியே எண் அழுத்துகிற பலகை. துணிக் கூடையோடு அம்மா சிரமப்படக் கூடாதாம். தாய்ப் பாசம்.

அப்புறம் அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் என் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, கொஞ்ச நாள்ல நான் ஒரு வீடு பார்த்துடுவேன். அம்மாவை என்கூட வச்சுக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குச் செஞ்சது போதும், இனிமேலாவது உக்காந்து சாப்பிடட்டும்."

"அப்படியா? அப்ப இனிமே இந்த வாசலை மிதிக்காத" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கத்தவில்லை. அவனும் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அக்கா அழுதாள். அழுதுகொண்டே எனக்குச் சாப்பாடு போட்டாள். "நான் எங்கடா போகப் போறேன் உன்னை விட்டுட்டு" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை இந்தப் பேச்சு வந்துவிட்டால் அந்த வீடு பழைய வீடு இல்லை. அவள் போய்விடுவாள் என்ற பயம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆபீஸில் இருக்கும்போது, வீட்டில் அலமாரி காலியாக இருக்குமோ என்று நினைப்பேன். வந்து பார்த்தால் அவள் இருப்பாள். மறுநாள் மறுபடி நினைப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

பெட்டியின் முகத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. அது ஒருநாள் அவிந்துபோனது. விளக்குகள் பட்டப்பகலில் எரிய ஆரம்பித்தன. கம்ப்யூட்டரோடு இணைத்தால் எல்லாவற்றையும் அதிலேயே பார்க்கலாம், மாற்றலாம் என்று அவன் முன்பு காட்டியிருந்தான். இணைக்கிற துண்டை அவன் எடுத்துப் போய்விட்டான் போல. டின்னைக் கொட்டித் தேடினேன். இது கிடைத்தது. சரியாக நுழைந்தது.

ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று சாமான் கடைக்காரரிடம் கொண்டு போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் செஞ்சதுன்னே தெரியலையே சார். நுழையுதுங்கறதுக்காகப் போட்டுடாதீங்க. சொருகினா அது பாட்டுக்குப் பெட்டிக்கு ஏதாவது சொல்லும், நமக்குத் தெரியாது. நல்லதா ஒண்ணு தர்றேன்."

நல்லதாக ஒன்று. புரிகிறதா? விற்கிறவன் வேறு என்ன சொல்வான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாலையில் மாடிக்குப் போய் இணைத்து, கம்ப்யூட்டரில் அவன் போட்டுவைத்திருந்த நிரலைத் திறந்தேன். திரையில் வீடு முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்களாக வந்தது. பூட்டியிருந்தால் பச்சை, திறந்திருந்தால் சிவப்பு. எல்லாம் பச்சை. பின்கதவு மட்டும் சிவப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் பச்சையாகிவிட்டது. யாரோ இப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அக்கா துணி காயப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். நான் ஒன்றும் எடுத்த எடுப்பில் சந்தேகப்படுகிறவன் இல்லை. கீழே போனபோது அவள் முன்னறையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "கொல்லைப் பக்கம் போனியா?" என்று கேட்டேன். "இல்லையே, ஏன்டா?" என்றாள். எனக்கு அந்த நிமிஷமே மூக்கில் வியர்த்துவிட்டது.

மறுநாள் பார்த்தேன். அதேதான். நிரலைத் திறந்தவுடன் சிவப்பு, கொஞ்ச நேரத்தில் பச்சை. மதியச் சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தேன். அப்போதும். விடுமுறையன்று காலையில் பார்த்தேன். அப்போதும். எப்போது நான் பார்க்க உட்கார்ந்தாலும், சரியாக அந்த நேரத்தில் ஒருவன் வெளியேறிக்கொண்டிருந்தான். அப்படியென்றால் அவன் அநேகமாக எந்நேரமும் வீட்டில் இருக்கிறான். என் காலடி மாடிப்படியில் கேட்டதும் நழுவுகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பூனை மாதிரி ஏறினேன். பயனில்லை. நாற்காலி இழுக்கும் சத்தமாக இருக்குமோ என்று நின்றுகொண்டே பார்த்தேன். அதற்கும் மசியவில்லை. அவ்வளவு கூர்மையான காது அவனுக்கு.

யார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. வெளிப் பலகையின் எண் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். கப்பல் என்பது சும்மா. அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஒருநாள் பெட்டி படுக்கையோடு கூட்டிப் போகப் பார்க்கிறான்.

ஒருநாள் சிவப்பைப் பார்த்ததும் தடதடவென்று கீழே ஓடினேன். அக்கா துவைக்கிற அறையில், கையில் ஈரத் துண்டோடு, பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, இந்தப் பூட்டு தானா திறக்குதுடா. இப்பத்தான் டக்குனு விலகுச்சு. கதவு ஆடுச்சு. யாரோ வெளிய நின்னுக்கிட்டுத் திறக்குற மாதிரியே இருக்கு. எனக்கு பயமா இருக்குடா."

தானா. எத்தனை வாசல்களில் கேட்ட வார்த்தை. கடைசியில் என் வீட்டிலேயே, என் அக்கா வாயிலிருந்து. அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"யாருமில்லக்கா, காத்தா இருக்கும்" என்றேன்.

"அவன்கிட்ட போன்ல கேக்கட்டுமா? அவன்தானே மாட்டினான், அவனுக்குத் தெரியும்" என்றாள்.

பார்த்தீர்களா? நான் அவன் பேச்சையே எடுக்கவில்லை. அவளாகவே எடுக்கிறாள். திருடன் முதலில் உளறுவது எப்போதும் கூட்டாளியின் பெயரைத்தான்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. முறையாகத்தான் சோதித்தேன். ஒருநாள் லீவு போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், காலையிலிருந்து இருட்டும் வரை துவைக்கிற அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தேன். கதவு அசையவே இல்லை. நான் இருப்பது தெரிந்தால் எப்படி அசையும்? அக்கா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வேலையத்த வேலை பார்க்கிற" என்று சிரித்தாள். கொல்லைப் படியில் முகப் பவுடரைத் தூவி வைத்தேன். காலடி எதுவும் விழவில்லை. தாண்டிக் குதித்திருக்கிறான். அவள் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். மகனிடமிருந்து வாரம் தவறாமல் அழைப்பு, எல்லாம் வெளிநாட்டு எண். அந்த மாதிரி எண்ணைப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே வரவழைக்கலாம் என்று எங்கள் ஆபீஸ் பையன்கள் பேசிக்கொள்வார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் சிரிப்பேன்.

கடைசியில் ஒரே வழிதான் மிச்சம் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த வழி. வெளியூரில் சோதனை வேலை வந்தது. அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு எங்கோ கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்பதும் தெரியும். அதற்காகத்தான் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கினேன். வேறு யாராவது சத்தம் கேட்டு வந்து திறந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும் அல்லவா? முதலில் உள்பக்கப் பொத்தானின் கம்பியைக் கழற்றினேன். பின்கதவின் வெளிப்பக்கம் ஆபீஸ் கம்பியைச் சுற்றி ஈய சீல் வைத்தேன். லேசாக இழுத்தாலே அறுந்துவிடும் கம்பி. யாரையும் தடுக்க அல்ல, வந்தானா என்று பார்க்கத்தான். கம்ப்யூட்டரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நான் இல்லாதபோது அவன் மாடியேறி எதையும் கிண்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் அது என் பையில் இருந்தது. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

காலையில் அக்கா வழக்கம்போல் துவைக்கிற அறைக்குள் போனாள். மூச்சு மருந்தையும் போனையும் எப்போதும் சமையலறை மேடையில் வைத்துவிட்டுத்தான் போவாள், சோப்புத் தண்ணீர் படக் கூடாது என்று. நான் சமையலறைப் பக்கத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"தம்பி, நான் உள்ள இருக்கேன்டா. பார்க்காம தாழ்ப்பாள் போட்டுட்ட" என்றாள். சிரிக்கிற குரல்தான்.

"பார்த்துத்தான்கா போட்டேன். நான் வந்துடறேன்" என்றேன்.

கதவை இரண்டு தடவை தட்டினாள். அப்புறம், "விளையாடாதடா. மருந்து வெளிய இருக்கு" என்றாள்.

எனக்குத் தெரியும். மேடையில் அது என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்து உள்ளே கொடுத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவளுக்கு எல்லா வசதியும் உள்ளேயே இருந்தால் அவள் ஏன் குரல் கொடுத்து அவனைக் கூப்பிடப் போகிறாள்? அவசரம் என்று ஒன்று இருந்தால்தான் சீல் அறுபடும். நான் கொடூரக்காரன் இல்லை. முந்தின நாளே அலமாரியில் பிஸ்கட் வைத்திருந்தேன். குழாயில் தண்ணீர் வரும். படுக்க வேண்டும் என்றால் துணி மூட்டை இருக்கிறது. எப்படியும் மாலைக்குள் அவன் வந்துவிடுவான், அதுதான் தினமும் வருகிறானே. வந்து திறந்தால் என் சந்தேகம் சரி. வராவிட்டால் அக்கா என்னை ஏமாற்றவில்லை என்று ஆகிவிடும். நான் திரும்பி வந்து அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன். எப்படிப் பார்த்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் நல்லதுதான்.

பஸ்ஸில் போகும்போது மனசு லேசாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். மறுநாளே திரும்பியிருக்கலாம், வேலை முடிந்துவிட்டது. ஆனால் சோதனையைப் பாதியில் நிறுத்தினால் அது சோதனையே இல்லை. இன்னும் ஒரு ராத்திரி தங்கினேன்.

வந்ததும் நேராகக் கொல்லைப் பக்கம்தான் போனேன். சீல் அப்படியே இருந்தது. கம்பியில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா பொய் சொல்லவில்லை. என் அக்கா என்னை விட்டுப் போக நினைக்கவே இல்லை. அங்கேயே நின்று, "அக்கா, என்னை மன்னிச்சுடுக்கா" என்றேன். உள்ளே ஓடிப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

பின்கதவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தாள். வாய் கதவின் கீழ் இடுக்கை ஒட்டி இருந்தது. அந்த வழியாகக் கொஞ்சம் காற்று வருமே, அதற்காக. துவைத்த துணியையெல்லாம் மடித்து வைத்திருந்தாள். என் சட்டைகள் தனி அடுக்கு. பிஸ்கட்டைப் பிரிக்கவே இல்லை.

உங்களுக்கு போன் செய்தது நான்தான். அதைக் குறித்துக்கொண்டீர்கள் அல்லவா?

அதற்குப் பிறகு உங்கள் கம்ப்யூட்டர் ஆள் வந்தார். என்னை மாடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு அடாப்டரைச் சொருகி நிரலைத் திறந்தார். கீழே இருந்து உங்கள் காவலர் கத்தினார்: "பூட்டு திறந்துச்சு சார்." மறுபடி திறந்தார். மறுபடி கத்தினார். ஒவ்வொரு தடவை நிரலைத் திறக்கும்போதும் இந்தத் துண்டு பெட்டியை அணைத்து எழுப்புகிறதாம். பெட்டி எழும்போது பின்கதவுப் பூட்டு கொஞ்ச நேரம் விலகி நிற்குமாம். இத்தனை நாளும் சிவப்பைக் கொண்டுவந்தது நான் பார்த்ததுதானாம். நான் உட்கார்ந்து காவல் காத்த அன்று கதவு அசையாததும் அதனால்தானாம். அவர் நல்ல பையன், பொறுமையாக விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். வேண்டாம் என்று நீங்கள் கண்ணைக் காட்டியும் சொன்னார். அக்கா உள்ளே இருந்தபோது யாராவது இதைச் சொருகி ஒரே ஒரு தடவை நிரலைத் திறந்திருந்தால் பூட்டு விலகியிருக்கும், கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்திருப்பாள் என்றார். அது என் பையில் இருந்தது. ஆமாம்.

அவர் காட்டியதை நான் மறுக்கவில்லை. கண்ணால் பார்த்ததை மறுக்கிறவன் நான் இல்லை. பெட்டி எழும்போது பூட்டு திறக்கிறது, சரி. ஆனால் ஒரு கதவு தினமும் திறக்கிறது என்றால், தெரிந்தவன் அதைப் பயன்படுத்தாமலா இருப்பான்? அவன் நாலு மாதமாகக் கப்பலை விட்டு இறங்கவில்லை என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது என்கிறீர்கள். தாளில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் பார்க்காத தாளா?

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தாழ்ப்பாள் போட்டது நான். பொத்தானைக் கழற்றியது நான். மருந்து வெளியே இருப்பது தெரிந்தே போனேன். ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கியதும் நான்தான். எதையும் பூசி மெழுகவில்லை. ஆனால் அவனையும் கூப்பிட்டு விசாரியுங்கள். வெளிப் பலகையின் எண்ணை நான் மாற்றவே இல்லை, அவன் போட்ட எண்தான். அக்கா எவ்வளவு கூப்பிட்டிருப்பாள். பெற்ற பிள்ளை என்று ஒருவன் இருந்தால், அந்த நேரத்துக்காவது வர வேண்டாமா?